மாப்பிள்ளையைக் கடத்திய மாப்பிள்ளை

கோயிலுக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. உள்ளே போய்க் கைகூப்புகிறவர்கள் ஒரு ரகம். வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குப் புண்ணியம் கிடைக்கிறது, இரண்டாவதற்குக் கழுத்துவலி. நான் கழுத்துவலிக்காரன். என்னைப் போன்றவனை நம்பி யாரும் ஒரு கல்யாணப் பயணத்தை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒப்படைத்தார்கள்.

கல்யாணம் என்றால் என் கல்யாணம் இல்லை. என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். சொந்தக்காரர்கள் நேராக அங்கே வந்துவிடுவார்கள். மாமனார், மாமியார், என் மனைவி தேன்மொழி, நான் ஆகிய நால்வர் மட்டும் சென்னையிலிருந்து முன்னதாகவே கிளம்பி, வழியில் தஞ்சாவூர், தாராசுரம் எல்லாம் பார்த்துவிட்டுப் போவது என்பது என் திட்டம்.

திட்டத்துக்குள் ஒரு சுயநலம் இருந்தது. எங்களுடையது காதல் கல்யாணம். மாமனார் சம்மதம் சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு ஒரு வருடமாக என்னிடம் பேசியதெல்லாம் "சாப்டாச்சா?", "ஃபேன் போடவா?" இந்த இரண்டும்தான். அவர் மனத்தில் எப்படியாவது இடம் பிடித்துவிட வேண்டும். அதற்கு நான் எடுத்த ஆயுதம் சோழர் கட்டடக்கலை. (வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இதுவும் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.)

தஞ்சைப் பெரிய கோயிலில் முதல் அடி சறுக்கியது. "இந்தக் கோபுரத்தோட நெழல் கீழயே விழாதாம்" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"விழும் அத்தை. நீங்க நிக்கறதே அதுலதான்" என்றேன்.

மாமியார் காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆக, பேசாதவர்கள் எண்ணிக்கை இரண்டானது.

தாராசுரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. பெண்கள் இருவரும் நிழல் தேடி உட்கார்ந்துவிட, மாமனார் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் கையால் மறைத்துப் பார்த்தார். மறுபக்கம் மறைத்துப் பார்த்தார். "ம்" என்றார். ஒரு வருடத்தில் நான் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு அந்த "ம்". அது தலைக்கு ஏறிவிட்டது.

மறுநாள் காலை விசேஷம். விடிந்ததும் கும்பகோணத்தில் பாசஞ்சர் வண்டி ஏறி மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். அங்கிருந்து திருக்கடையூருக்கு வேன். வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில், எதிர்வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே கதிர் முற்றிய வயல். வயலுக்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஒரு விமானம்!

"மாமா, அங்க பாருங்க. வட்டமான சிகரம். பத்தாம் நூற்றாண்டா இருக்கணும். யாருக்குமே தெரியாத கோயில் போல."

"அப்படியா?" என்று எட்டிப் பார்த்தார். "நல்லாத் தெரியலையே."

"பிளாட்பாரம் கடைசிக்குப் போனா தெரியும். வண்டி இப்போதைக்கு எடுக்க மாட்டான்."

தேன்மொழி தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். பட்டுவேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்த மாமனார், சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வாக்கிலேயே, செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார். பிளாட்பாரம் கடைசியிலிருந்து தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் தெரியும் என்றேன். வரப்பில் இறங்கினோம். எதிர்வண்டி கடந்து போனது. கூடவே இன்னொரு ஹார்ன் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் வண்டியின் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது.

ஓடினேன். ரயிலைத் துரத்துவது சினிமாவில்தான் சாத்தியம். வரப்பில் ஓடினால் சேறுதான் சாத்தியம். எழுந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. தேன்மொழி.

"எங்க இருக்கீங்க? அப்பா எங்க? எந்தப் பெட்டியில இருக்கீங்க?"

"நாங்க பெட்டியிலயே இல்ல."

 மறுமுனையில் மாமியாரின் குரல்: "ஐயோ! முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வேணுமேடீ!" அதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

மாமனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுங்காலோடு வரப்பில் நின்றுகொண்டு, "ரோடு அந்தப் பக்கந்தான் இருக்கும். நடங்க" என்று மட்டும் சொன்னார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு நான் பின்னால் போனேன். பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விடுவாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

ரோட்டுக்குப் போகிற பாதை தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போனது. தோப்பு முடிந்த இடத்தில் என் பத்தாம் நூற்றாண்டு தரிசனம் தந்தது. சிமெண்ட். ரோஸ் கலர் பெயிண்ட். உச்சியில் சீரியல் பல்பு. கீழே பெரிய எழுத்தில் 'திருமண மண்டபம், ஏசி வசதி உண்டு' என்று போட்டிருந்தது.

நான் தலையைத் தூக்கவில்லை. மாமனார் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"கல்யாணத்த இங்கயே முடிச்சிருவமா, மாப்பிள்ளை?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் சிரித்தேன், அதில் பாதி அழுகை. அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ரோட்டில் பஸ் இல்லை. கண்ணில் பட்ட ஒரே ஆட்டோவிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டுவேட்டியோடு ஒருவரும் சேற்றோடு ஒருவரும் நின்று கைகாட்டினால் எந்தக் கார் நிற்கும்? ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவர் நடுத்தர வயது பாய். பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் இனிப்புத் தட்டுகளோடு.

"எங்க போகணும்?"

"திருக்கடையூருங்க. கல்யாணம்."

"யாருக்கு?"

"எங்க மாமாவுக்கு" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன்.

பாய் மாமாவின் நரைத்த தலையைப் பார்த்தார். "இந்த வயசுலயா? வீட்டுல அத்தை இருக்காங்களா?"

"அத்தையோடதாங்க கல்யாணம்."

பின்சீட்டிலிருந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அறுபதாங் கல்யாணங்க! ஏறுங்க, ஏறுங்க. பாவம், அந்தம்மா தவிச்சுப்போய் நிப்பாங்க."

அவர் பெயர் ஜபருல்லா. துபாயில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மனைவி மும்தாஜ். மகனுக்குப் பெண் பார்க்க அவர்கள் தரங்கம்பாடி போய்க்கொண்டிருந்தார்கள். திருக்கடையூர் வழிதான், ஆனால் அதற்கு முன்னால் உறவினர் வீட்டில் இறங்கி, அவர்களையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பாய் தயங்கியபோது அந்த அம்மா சொன்னார்:

"மச்சான் வூட்டுக்குப் போனப் போட்டு பஸ்ல வரச் சொல்லுங்க. நம்ம லேட்டாப் போனா பொண்ணு எங்கயும் ஓடிராது. இங்க மாப்பிள்ளையே நம்ம வண்டியிலல்ல இருக்கார்!"

அந்தக் கார் பறந்தது என்று எழுத ஆசைதான். பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு அறுவடை மிஷின் எங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. பாய் இறங்கி ஓடி, மிஷின்காரரிடம் கையாட்டிப் பேசினார். மிஷின் ஓரங்கட்டியது. எங்கள் கார் கடந்தபோது மிஷின்காரர் மாமாவைப் பார்த்துக் கும்பிட்டு, "நல்லா இருங்க மாப்ள!" என்றார்.

திருக்கடையூரில் வரிசையாக அறுபது, எழுபது, எண்பது என்று தம்பதிகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இடத்தில் கண்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாமியார் பட்டுப்புடவையில் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கோஷ்டி இடத்தைப் பிடித்துவிடாமல் இருக்க, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, மாமாவின் தம்பியைப் பக்கத்து மணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவசரத்தில் இருந்த குருக்கள் அவரையே மாப்பிள்ளை என்று நினைத்து மாலையைப் போட்டு, நட்சத்திரம் கேட்க, அவரும் பயத்தில் தன் நட்சத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவரு எம் மச்சினரு! மாலையக் கழட்டுங்க!" என்று மாமியார் அலறியதும், நாங்கள் உள்ளே பாய்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

முகூர்த்தம் தப்பவில்லை. கலசநீர் தலையில் கொட்ட, மாமா தாலி கட்டினார். மாமியார் ஒரு கண்ணால் அழுதார், மறு கண்ணால் என்னை எரித்தார்.

எல்லாம் முடிந்து மூச்சு விட்டபோதுதான் ஏறியதும் சார்ஜில் போட்ட என் போன் பாயின் காரிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. பெயரைத் தவிர எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் தங்கியிருந்த லாட்ஜின் சாப்பாட்டுக்கூடத்துக்கு மத்தியானம் அவர்களே விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. 'அந்த மடையன் எங்கே?'ன்னு யார் யாரோ கேட்டாங்க. நல்லபடியா சேந்துட்டாருன்னு சொல்லிட்டேன்" என்றார் மும்தாஜ் அக்கா. பெண்ணைப் பிடித்திருந்ததாம். என்னோடு பேசாமல் இருந்த மாமியார் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு இலை போட்டு, பாயசத்தைத் தானே பரிமாறினார். போகிற போக்கில் என் இலையிலும் ஒரு கரண்டி விழுந்தது. மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் மகன் நிக்காஹுக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். நல்ல நாள் எதுவானாலும் இரண்டு வீட்டுக்கும் நடுவே இனிப்பு டப்பாக்கள் போய்வருகின்றன. என் முட்டாள்தனம் ஒன்றுக்கு இவ்வளவு நல்ல மனிதர்கள் கிடைத்தார்கள் என்றால், நான் புத்திசாலியாக இருந்து என்ன சம்பாதித்திருப்பேன்?

போன தை மாதம் என் மச்சினனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்கரித்த காரில், மாமா பின்னால் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். நான் முன்சீட்டில் ஏறப் போனேன். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் கேட்டார்:

"போற வழியில கோபுரம் ஏதாவது இருக்கா தம்பி?"

"முக்குல ஒரு பிள்ளையார் கோயில் இருக்கும்மா."

"அப்ப இவரு நடந்தே வரட்டும்."

தெருவே சிரித்தது. நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் யாரோ வருவது தெரிந்தது. மாமா. அவரை யாரும் காரிலிருந்து இறங்கச் சொல்லவில்லை.