ஆயிரத்து நாற்பது கதிரைகளும் என் பெருவிரலும்

எனக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் மட்டும் தெரியும். இந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு ஒரு கொம்பனிக்கு சொப்ட்வெயர் தெரிவு செய்த ஒரே மனுசி திருகோணமலையில் நானாகத்தான் இருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் நடுவில் இருந்துகொண்டேன். (நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் வதனி. அவவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. எங்கேயாவது அவ நல்ல பிள்ளையாகத் தெரிந்தால் நம்ப வேண்டாம்.)

எங்களுடையது வாடகைச் சாமான் கடை. கலியாணம், பிள்ளை பெரிசான சாமத்திய வீடு, செத்த வீடு எதுவென்றாலும் கதிரை, மேசை, கூடாரம், சோறு காய்ச்சும் கிடாரம் எல்லாம் எங்களிடம் வாடகைக்கு எடுக்கலாம். ரவுணில் துறைமுகப் பக்கமாக ஒரு கடை. அதை மகன் கருணன் பார்க்கிறான். அவனுடைய பட்டியல் கொம்பியூட்டரில். பாலையூற்றில் எங்கள் வீட்டோடு ஒரு கொட்டில். அது வதனியின் பொறுப்பு. அவவுடைய பட்டியல் பள்ளிக்கூடக் கொப்பியில். குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிட்ட, கட்டைபறிச்சானில் மூன்றாவது கொட்டில். அது ஹனிபாவின் கையில். ஹனிபா மூதூர் ஆள். என்னுடைய அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே எங்களிடம் வந்தவர். ஹனிபாவின் பட்டியல் போனில், அதுவும் பாதி குரலாகத்தான் இருக்கும். அதைக் கேட்டால் கதிரை எண்ணிக்கையோடு பக்கத்து வீட்டு ஆட்டுச் சத்தமும் வரும்.

அவர் என்று சொன்னேன் அல்லவா, கடை தொடங்கிய அன்றைக்கே பெயர்ப் பலகையில் 'ஆயிரம் கதிரை' என்று எழுதுவித்தவர் அவர். அப்போது இருந்தது எண்பது. "சனம் என்ன எண்ணிப் பாக்கவே போகுது" என்பார். ஆயிரத்தைக் காணாமலே போய்விட்டார். அந்தக் குறை எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. எல்லாக் கூத்துக்கும் அதுதான் காரணம்.

இனி எங்கள் கதிரைகளின் பழக்கவழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிறம். கதிரையைக் கவிழ்த்தால் அடியில் ஒரு பெயின்ற் பொட்டு இருக்கும். ரவுணுக்கு மஞ்சள், பாலையூற்றுக்கு நீலம், கட்டைபறிச்சானுக்குச் சிவப்பு. ஆனால் கதிரைகள் ஊர் சுற்றுகிறவை. மூதூர்க் கலியாணத்துக்குப் போன நீலப் பொட்டு ஹனிபாவின் கொட்டிலிலேயே ஆறு மாதம் கிடக்கும். லொறியைச் சும்மா ஓடவிடுவானேன் என்று நாங்களும் விட்டுவிடுவோம். பட்டியல் எழுதும்போது வதனி அந்தக் கதிரையை எழுதுவா, நீலப் பொட்டு தன்னுடையதுதானே என்று. ஹனிபாவும் எழுதுவார், தன் கூரைக்குக் கீழே நிற்கிறதுதானே என்று. இதில் ஒரு பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. அடுத்தவர் சாமானையும் தன் சாமான்போலப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒருமுறை ஒரே கிடாரத்தை ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டோம். இரண்டு வீட்டுக்காரரும் கடை வாசலில் நின்று கிடாரத்தின் இரண்டு காதையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள். அன்றைக்குக் கருணன் முடிவெடுத்தான்.

"அம்மா, மூண்டு இடத்துப் பட்டியலையும் ஒண்டாக்கிற சொப்ட்வெயர் ஒண்டு போடப் போறன். ரெண்டு கொம்பனியைக் கூப்பிட்டிருக்கிறன். பாத்து ஒண்டை எடுப்பம்."

"எடு. ஆனால் நானும் பாக்கோணும்" என்றேன்.

"உங்களுக்கு என்னத்த விளங்கப் போகுது?"

"கடை என்ர பேரில இருக்குது. கைநாட்டு வைக்கிறது நான்."

இரண்டு கொம்பனியையும் பாலையூற்று வீட்டுக்கே வரச் சொன்னான்.

முதலில் வந்தவர் கொழும்புத் தம்பி ஒருவர். கழுத்தில் ரை கட்டியிருந்தார். நான் வைத்த கணவாய்க் கறியை இரண்டுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். (அப்போதே எனக்குப் பாதி மனம் அவர் பக்கம்.) கை கழுவிவிட்டு வந்து, கருணனின் பட்டியல், வதனியின் கொப்பி, ஹனிபா அனுப்பியது எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஒரு தட்டுத் தட்டினார். அரை நிமிசம்கூட இல்லை. திரையில் பெரிதாக ஓர் இலக்கம் வந்தது. எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். ஆனால் அந்த இலக்கத்தை வாசித்தேன். ஆயிரத்து நாற்பது.

"இது என்ன தம்பி?" என்றேன்.

"உங்கட கதிரை, அம்மா. மூன்று இடத்திலயும் சேர்த்து."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் என்னுடைய அவரின் படத்துக்கு முன்னால் நின்று, நாற்பது கூடவே வந்திருக்குது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் வந்தவ தர்சினி. ரவுணிலேயே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேலை செய்கிற பிள்ளை. இரு பிள்ளை என்று ஒரு கதிரையைப் போட்டேன். அவ இருக்கவில்லை. கதிரையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தா. என் வீட்டுக் கதிரையில் மூட்டைப்பூச்சி தேடுகிறா என்று நினைத்து எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இந்த நீலப் பொட்டு என்னத்துக்கு?"

சொன்னேன். அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. நீலப் பொட்டுக் கதிரை மூதூரில் நிண்டால் யார் எழுதுவினம், கால் உடைஞ்சதையும் எழுதுவியளா, திருப்பி வராததை எப்ப வெட்டுவியள் என்று. சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு என்றா. கணவாய் ஆறிப் பச்சைத் தண்ணியாய்ப் போனது. கடைசியில் அவவுடைய திரையிலும் ஓர் இலக்கம் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

"மிச்சம் எங்க?" என்றேன்.

"மிச்சம் இல்லை அம்மா. ஒரே கதிரை ரெண்டு பட்டியல்ல இருந்தது. எங்கட சொப்ட்வெயர் அதைக் கண்டுபிடிச்சு ஒண்டாக்கும்."

அவ படலையைத் தாண்டும் வரைக்கும்தான் பொறுத்தேன்.

"பாத்தியே கருணன், அந்தத் தம்பி ஒரு சட்டி கணவாயைத்தான் திண்டது. இந்தப் பிள்ளை நானூறு கதிரையைத் திண்டிட்டுப் போகுது."

"அம்மா, அந்தத் தம்பி மூண்டு பட்டியலையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டா ஒட்டினவர், அவ்வளவுதான். தர்சினி சொல்லுறதுதான் சரி."

"ஒட்டினால் என்ன, தைச்சால் என்ன? கொப்பர் ஆயிரம் எண்டு பலகையில எழுதினவர். நான் அறுநூறுக்குக் கைநாட்டு வைக்க ஏலாது."

வதனி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டா. (ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டேன். தன் கொப்பியில் பிழை என்று யார் ஒத்துக்கொள்ளுவினம் என்கிறா. நான் சொன்னேன் அல்லவா, பங்கு உண்டு என்று.) கருணன் கடைசியில் கையை உதறினான்.

"சரி. உங்கட கடை, உங்கட பெருவிரல்."

ரை கட்டின தம்பியின் தாளில் விரலை நன்றாக அழுத்தி வைத்தேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஹனிபாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை கிண்ணியா ஆள். ஹனிபா பாலையூற்றுக்கு வந்து என் முன்னால் நின்றார். எத்தனையோ வருசமாக ஊரார் கலியாணத்துக்கெல்லாம் கதிரை அடுக்கின மனுசன். ஒரு கலியாணத்திலும் இருந்து சாப்பிட்டதில்லை.

"அக்கா, என்ட மகள்ட கலியாணத்துல ஒருத்தரும் நிலத்துல இருக்கப்படாது. மேச போட்டு, கதிரைக்கு வெள்ளத் துணி கட்டி, எல்லாரும் மரியாதையா இருந்து சாப்பிடணும். வேற ஒண்டும் வேணாம் எனக்கு."

"முந்நூற்றைம்பது போதுமே தம்பி? எங்களிட்ட ஆயிரத்து நாற்பது கிடக்குது" என்றேன். எனக்கு அந்த இலக்கத்தைச் சொல்ல ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

அதே சனிக்கிழமை ரவுணில் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு முந்நூற்றைம்பது. பாலையூற்றில் ஒரு சாமத்திய வீட்டுக்கு இருநூற்று அறுபது. சொப்ட்வெயர் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது, எண்பது மிஞ்சும் என்றும் சொன்னது. வெள்ளிக்கிழமை அது சொன்னபடியே ஹனிபா தன் கொட்டிலில் நின்ற கதிரை முழுவதையும் தன் கையாலேயே லொறியில் ஏற்றி ரவுண் விழாவுக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் புதுச் சேலை உடுத்துக்கொண்டு நிற்கிறேன், போன் வருகிறது.

"அக்கா, கதிரை லொறி வெளிக்கிட்டுதா?" ஹனிபாவின் குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"எந்த லொறி தம்பி?"

"நீலப் பொட்டு முந்நூத்தம்பது பாலையூத்துல நிக்கிது, இண்டைக்கு எனக்கு வருது எண்டு போன் காட்டுதே."

"நீலப் பொட்டு உங்களிட்டயெல்லோ கனக்க நிண்டது?"

"என்னட்ட நிண்டத நேத்தே ரவுணுக்கு அனுப்பிட்டனே, அக்கா."

போனில் ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு விசாரித்ததில், மிச்சம் ரவுணில் இருந்து வரும் என்று வதனி நினைத்திருக்கிறா. மிச்சம் ஹனிபாவிடம் நிற்கிறது என்று கருணன் நினைத்திருக்கிறான். பாலையூற்றில் இருந்து வரும் என்று ஹனிபா நினைத்திருக்கிறார். நான் ஒன்றும் நினைக்கவில்லை, என்னிடம்தான் ஆயிரத்து நாற்பது இருந்ததே. கொட்டிலைத் திறந்து பார்த்தோம். இரண்டு கதிரை நின்றது. அதில் ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது.

தெரிந்த வாடகைக் கடைக்கெல்லாம் கருணன் போன் போட்டான். முகூர்த்த நாள், ஒருவரிடமும் இல்லை. அந்த இரண்டு கதிரையையும் லொறியில் ஏற்றினான். முந்நூற்றைம்பது ஏற்றுகிற லொறியின் பின்பக்கத்தில் அந்த இரண்டும் பாலத்துக்குப் பாலம் அங்கும் இங்குமாகச் சறுக்கி விளையாடிக்கொண்டு வந்தன. நான் முன்னால் கருணனுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூதூர் போகும் வரைக்கும் அவன் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு லொறியை ஓட்டினான். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கூடாரத்துக்குள்ளே வரிசை வரிசையாக மேசைகள். வெள்ளை விரிப்பு, மேலே பூ. ஒரு மேசைக்கும் கதிரை இல்லை. ஹனிபா கதிரைக்குக் கட்ட வைத்திருந்த வெள்ளைத் துணிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். இத்தனை வருசத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி, பிழை என்னுடையது. அந்தப் பெரிய இலக்கத்தில ஆசைப்பட்டு நான்தான் விரல் வைச்சனான்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கிண்ணியாவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பெரிய உடம்புக்காரர். உள்ளே வந்தார், மேசைகளைப் பார்த்தார், கீழே பார்த்தார், ஹனிபாவின் முகத்தைப் பார்த்தார்.

"சம்மந்தி, நல்ல வேல செஞ்சீங்க" என்றார். "நம்மட கலியாணத்துல அஞ்சு பேர் ஒரு சகன்ல கை வைக்கிறது. மேசையில இருந்தா அஞ்சு பேர்ட கையும் எப்பிடி எட்டுற? இந்த மேசைகள ஒதுக்குங்க. பாய் எங்க?"

அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து பாய் வந்தது. சகன் என்கிற அந்தப் பெரிய தட்டுகள் இறங்கின. மாப்பிள்ளையின் வாப்பாதான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார். பிறகு எல்லாரும் இருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் கூடாரம் நிறையச் சிரிப்பும் புரியாணி வாசமும்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். பெண்கள் பக்கம் என்னையும் ஒரு சகனுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. இருந்தால் எழும்ப மாட்டேன், எழுப்புவதற்கு நாலு பேர் வேண்டும். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்றேன். அப்போது ஹனிபா அந்தக் கால் உடையாத ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு வெள்ளைத் துணியும் கட்டியிருந்தார்.

"வேண்டாம் தம்பி, எனக்கு வெக்கமாக் கிடக்குது."

"இருங்கக்கா. என்ட மகள்ட கலியாணத்துல ஒரு கதிரையிலயாவது ஆள் இருக்கட்டும்."

இருந்தேன். நூற்றைம்பது பெண்கள் நிலத்தில். நடுவில் நான் மட்டும் வெள்ளைத் துணி கட்டின கதிரையில், மடியில் ஒரு சோற்றுப் பீங்கானோடு. கிண்ணியாப் பெண்கள் இரண்டு பேர் எனக்குக் கேட்கிற மாதிரியே குசுகுசுத்தார்கள்.

"ஆரு அது? பொண்ணுட மூத்தம்மாவா?"

"இல்ல புள்ள. கதிரக் கடக்காரியாம்."

"அப்ப ஏன் ஒண்டே ஒண்டு கொண்டு வந்தவ?"

புரியாணி தொண்டையில் அடைத்தது. கீழே இருந்து ஐந்தாறு கைகள் தண்ணீர் நீட்டின. வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

ரை கட்டின தம்பிக்குக் கருணன் போன் எடுத்தான். "எங்கட சொப்ட்வெயர் சரி, நீங்கள் தந்த பட்டியல்தான் பிழை" என்றாராம். அது உண்மைதான், அதற்கு நான் என்ன சொல்ல? தர்சினியைத் திரும்பக் கூப்பிட்டோம். கெஞ்ச வைப்பா என்று நினைத்தேன். அவ வந்து மூன்று இடத்திலும் ஒவ்வொரு கதிரையாகக் கவிழ்த்துப் பார்த்து எண்ணினா. இந்த முறை கணவாயும் சாப்பிட்டா. நான் கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைத்தேன்.

இப்போது மூன்று இடத்துக் கதிரையும் ஒரே பட்டியலில் ஒழுங்காக வருகிறது. எந்தக் கதிரை எங்கே நிற்கிறது, வாடகைக்குப் போகுமா போகாதா, போகாவிட்டால் ஏன் போகாது என்று காரணமும் அதில் எழுத வேண்டுமாம். போன வருசம் கருணன் ஒரு நாள் சிரிப்பை அடக்க மாட்டாமல் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான். கட்டைபறிச்சானில் ஒரு கதிரை, கால் நல்லாக இருந்தும், ஹனிபாவின் மகளின் கலியாணம் முடிந்த நாளில் இருந்து வாடகைக்கே போனதில்லையாம். ஹனிபா அதற்குக் காரணம் எழுதியிருக்கிறாராம். வாசி என்றேன்.

"ஆள் இருக்கிறா" என்று வாசித்தான்.