‘இனிமேல் சந்தோஷம்’ என்ற இசைத்தட்டு

உலக இசை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: விழுப்புரம் கலா அபிவிருத்தி சபை கூடுவதற்கு முன், கூடியதற்குப் பின். 1966-ஆம் வருஷம் தை மாதம் சீனுவாசனின் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளின் மேல் அமர்ந்தபடி சபை கூடியது. தலைவர் சீனுவாசனேதான். மகன் தேவநாதனுக்குத் திண்டிவனத்தில் பெண் நிச்சயமாகியிருந்ததால், கலை வைகாசிக்குள் அபிவிருத்தி அடைந்தாக வேண்டியிருந்தது.

“சிலோன் ரேடியோல கேட்டீங்களா? வெள்ளக்காரப் பசங்க கிதார வெச்சிக்கினு ஒலகத்தையே ஆட்டறானுங்க. நம்மூர்ல இன்னா கீது?” என்றார் அவர்.

“மாசிலாமணி பேண்டு கீதுங்க” என்றார் ஓர் உறுப்பினர்.

சபை சங்கடத்துடன் இருமியது. மாசிலாமணியின் பேண்டு சாவுக்கு வாசிக்கும் பேண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை, அது முன்னால் போகாமல் கௌரவமான எவரும் சுடுகாடு போய்ச் சேர்ந்ததில்லை.

“ஆளு பழசா இருந்தா இன்னாய்யா? பாணிய மாத்திட்டா போச்சு!” என்றார் தலைவர். ‘பாணி மாற்றம்’ ஒருமனதாக நிறைவேறியது. மாற வேண்டியவனை யாரும் கேட்கவில்லை. தீர்மானங்களில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

கேட்டிருந்தாலும் மாசிலாமணி மறுத்திருக்க மாட்டான். திண்டிவனத்தில் கூட்ஸ் கிளார்க்காக இருந்த தேவசகாயத்தின் மகள் ஜெயம்தான் காரணம். போன கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயில் வாசலில் தேவசகாயம் தெளிவாகவே சொல்லிவிட்டார்: “நீ நல்ல பையன்தான் தம்பி. ஆனா பொணத்துக்கு முன்னால ஊதிக்கினு போற ஆளுக்கு எம் பொண்ணு இல்ல. ஒரு கல்யாணத்துல வாசிச்சிக் காட்டு. அப்புறம் பேசலாம்.”

அப்பா நகர்ந்ததும் ஜெயம் இன்னும் தெளிவாகச் சொன்னாள்: “கிளாரினெட்டோ கிதாரோ, எதையாவது எடுத்துக்கினு ஜல்தி வாங்க. ஆவடில ஒரு மாப்பிள்ளையப் பாத்து வெச்சிக்கினு கீறாரு.”

பாண்டிச்சேரியில் தாய்நாடு திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து கிதார் வந்தது. மாசிலாமணி கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, விரல் நுனி கொப்பளிக்கக் கொப்பளிக்கப் புதிய பாணியைக் கற்றான். டிரம் அடிக்கும் முருகையனுக்குக் கறுப்புக் கண்ணாடி வழங்கப்பட்டது. அதோடு அவர் பாணியும் மாறிவிட்டதாகச் சபை கருதியது.

பங்குனியில் சென்னை ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. இசைத்தட்டுக்குச் சபை வைத்த பெயர் ‘இனிமேல் சந்தோஷம்.’

முதல் இடையூறு, அவர்களுக்கு நின்றுகொண்டு வாசிக்கத் தெரியாதது. பிறந்ததிலிருந்து நடந்துகொண்டே வாசித்தவர்கள். சரி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தார்கள். பாட்டு துள்ளியது. பாதியில் சட்டென்று எல்லாரும் நிறுத்தினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவாளர் ஓடி வந்தார். “ஏன்யா நிறுத்தினீங்க?”

“தெருமுனை வந்துச்சிங்க” என்றார் முருகையன்.

“எந்தத் தெரு? இது ஸ்டுடியோய்யா!”

“நமக்குத் தெரியுதுங்க. காலுக்குத் தெரியலீங்க.”

தெருமுனை வந்தால் பேண்டு நிற்கும். பாடையை இறக்கி, திசை திருப்பி, மறுபடி தூக்குவார்கள். அதுவரை வந்த பெண்கள் அங்கேயே வீடு திரும்புவார்கள்; ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுடுகாடு வரை வருவார்கள். பிறகு பேண்டு கிளம்பும். மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். தெருமுனை மறுபடி மறுபடி வந்தது. கடைசியில் ஒலிப்பதிவாளர், “அப்படியே போகட்டும்” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மண்டியில் தட்டைச் சுழலவிட்டுக் கேட்ட சீனுவாசன், அந்த இடம் வந்ததும் கண்ணை மூடினார். “ஆஹா! இந்த நிசப்தம் கீது பாரு, இதான்யா மாடர்ன்!” உறுப்பினர்கள் அனைவரும் கண்ணை மூடினார்கள். மூடாவிட்டால் கர்நாடகம் என்று பெயராகிவிடும். மாசிலாமணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தான்; ஆவடி மாப்பிள்ளை ஞாபகம் வர, அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

வைகாசியில் திண்டிவனத்தில் மாப்பிள்ளை ஊர்வலம். கார் ஊர்வலம் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு என்பதால் தேவநாதனுக்குப் பல்லக்கு. வழிநெடுகக் கம்பங்களில் ஒலிபெருக்கி. பல்லக்கைத் தூக்க, தோள் பழகியவர்கள் வேண்டும் என்று விழுப்புரத்திலிருந்து நால்வரை வரவழைத்திருந்தார்கள். எதைத் தூக்கிப் பழகிய தோள் என்று சபை விசாரிக்கவில்லை.

ஒலிபெருக்கிகளில் ‘இனிமேல் சந்தோஷம்’ தட்டு முழங்கியது. வாண்டுகள் ஆடின. ஓரமாக நின்ற தேவசகாயத்தின் செருப்பு தானாகத் தாளம் போட்டது. “பரவால்லியே, சந்தோஷமாத்தான் கீது” என்றார். ஜெயம் மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தாள்.

அரிசி மில் எதிரே இசை நின்றது.

நால்வரும் பல்லக்கை இறக்கினார்கள். பயபக்தியோடு திருப்பி வைத்து மறுபடி தூக்கினார்கள். சீர்வரிசைத் தட்டுகளோடு வந்த பெண்கள் வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தியேவிட்டாள். ஆண்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். இசை மறுபடி துள்ளிக்கொண்டு கிளம்பியது.

“டேய், பொண்ணு வீடு அந்தப் பக்கம்டா!” என்று அலறினான் தேவநாதன்.

“சும்மா படுங்க சாமி” என்றார் முன்னால் தூக்கியவர். “இதுவரிக்கும் யாரும் எழுந்து பேசுனது கெடையாது.”

மில் ஆட்கள் ஓடிப்போய்ப் பல்லக்கை மடக்கிப் பிடிப்பதற்குள், அது ஏரிக்கரைச் சுடுகாட்டுப் பக்கம் வெகு தூரம் போயிருந்தது.

ஒரு வழியாகத் தாலி ஏறியது. சபை பந்தலிலேயே அவசரமாகக் கூடி, ‘மக்களை இவ்வளவு ஆழமாகத் தொட்ட இசை வேறில்லை’ என்று பதிவு செய்தது. கண்ணை மூடி ரசித்தவர்களால் வேறு என்ன செய்ய முடியும்? பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக மாசிலாமணியைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எனக்கு நீதான் வாசிக்கணும்பா. கிதாரோட.”

“என்னிக்குன்னு சொல்ல முடியாது. ஆனா நீ வந்துடணும்.”

கடைசியாகச் சீனுவாசன் வந்தார். “எனக்கு அந்த நிசப்தம் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்” என்றார்.

தேவசகாயம் மட்டும் கையைப் பிடிக்கவில்லை. “கல்யாணத்துல வாசின்னு சொன்னா, கல்யாணத்தையே எடுத்துட்டியேப்பா” என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாசிலாமணி பந்தியில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும், இரு பக்கமும் இருந்த பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் கை கழுவ வேண்டியிருந்தது. எழுந்து போனவர்கள் தூரத்து இலைகளில் உட்கார்ந்தார்கள். அவன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயம் எழுந்தாள். பந்தலின் குறுக்கே நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஜெயம், எந்திரி. ஊரே பாக்குது” என்று பல்லைக் கடித்தார் தேவசகாயம்.

“பாக்கட்டும்பா. இவங்க அத்தினி பேரையும் கடைசில இவருதான் இட்டுக்கினு போவப் போறாரு. நான் இப்பவே போறேன், அவ்ளோதான்.”

தேவசகாயம் ஊரைப் பார்த்தார். ஊர் மிகுந்த கவனத்தோடு பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் செருமிக்கொண்டு போய், மாசிலாமணியின் மறுபக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

இவ்வாறாக அந்த இசைத்தட்டு மாபெரும் வெற்றி பெற்றது. ரசனையில் அந்தச் சபைக்கு நிகரான சபை இன்றுவரை பிறக்கவில்லை: பிணமாக அவன் பின்னால் போக எல்லாரும் முந்திக்கொண்டார்கள், உயிரோடு அவன் பக்கத்தில் உட்காரத்தான் சபையில் ஒருவரும் இல்லை.