மாப்பிள்ளையின் கார் இன்ஜினைக் குளிப்பாட்டிய விவரம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு, மாமியார் எழுதுவது. இங்கே நான், உங்கள் வீட்டுக்காரி, பேத்தி மூவரும் சுகம். காரும் சுகம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போன வேலையை நல்லபடியாக முடித்துக்கொண்டு வர வேண்டும். மனுஷர்களோடு காரையும் ஏன் சேர்த்து எழுதுகிறாள் இந்த அம்மாள் என்று யோசிப்பீர்கள். நேரில் உங்களைப் பார்த்தால் எனக்கு "வாங்க, சாப்பிடுங்க" என்பதற்கு மேல் வாய் வராது. எழுத உட்கார்ந்தால் நிற்காது. ஆகவே நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

புது வேலைக்குக் காரில் போய்வரட்டுமா என்று பேத்தி போனில் கேட்டதற்கு, "பானெட்டைத் தூக்கிப் பார்க்கக்கூடத் தெரியாதவளுக்குச் சாவி எதுக்கு? நான் வந்து முடிவு சொல்றேன்" என்றீர்களாமே. பெற்றவருக்கு அந்த உரிமை உண்டு, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் குழந்தை போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் திடீரென்று எழுந்தாள். "பாட்டி, அப்பா வர்றதுக்குள்ள இன்ஜினை நானே சுத்தம் பண்ணிக் காட்டறேன். அதுக்கப்புறமும் சாவி இல்லைன்னு சொல்லட்டும், பார்ப்போம்!" பீரோ சாவி என் இடுப்பில்தானே இருக்கிறது. ஓட்டுவதற்கு இல்லை, துடைப்பதற்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கார் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை, மூடியைத் தூக்கியதும் நான் கண்ட கோலத்தை எப்படிச் சொல்வேன்! மேலே முகம் தெரிகிற மாதிரி மினுக்குகிற வண்டி, உள்ளே பல வருஷம் கழுவாத அடுப்படி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து, அதன்மேல் காய்ந்த இலை ஒட்டி, அப்பப்பா! எனக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது, கம்பி நாரும் வாளித் தண்ணீருமாகப் பாய்ந்தேன். குழந்தை குறுக்கே விழுந்து தடுத்தாள். "ஐயோ பாட்டி, இது பாத்திரம் இல்ல! இன்ஜின் முதல்ல ஆறணும். சூட்டுல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விட்டுடும்." கை வைத்தால் சுடாத வரைக்கும் காத்திருந்தோம், பிறகு கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டினாள், தண்ணீர் படக்கூடாத இடங்களைக் காட்டி, இதற்கெல்லாம் பை கட்டணும் பாட்டி என்றாள், கட்டுகிற வேலை என்றால் என்னிடம் விட்டுவிடு என்று சொல்லி, ஜாடி வாய்க்குத் துணி கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சுப் போட்டு ஒவ்வொன்றாக இறுக்கினேன், உங்கள் வீட்டுக்காரி மட்டும் சமையலறை ஜன்னலிலிருந்து, "அம்மா, ஏதாவது ஆச்சுன்னா அவர் என்னைத்தான் கேப்பாரு, நான் எதையும் பார்க்கலே" என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு ரிட்டயர்ட் ஆபீசர் இறங்கி வந்தார். "என்னம்மா இது, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் பூவாளியுமா? பிரஷர் பைப் கொண்டு வரேன். ஒரே அடி, பளிச்சுன்னு ஆயிடும்" என்றார். "ஒரே அடியில இன்ஜினும் போயிடும், அங்கிள்" என்றாள் உங்கள் மகள். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவள் பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து, ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து, பூவாளியால் பூச்செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். கீழே தட்டு வைத்து அழுக்குத் தண்ணீரைக்கூடப் பிடித்துவிட்டாள். துடைக்க உங்கள் பழைய பனியன்களைக் கொடுத்தேன். அவை பழையவை இல்லை என்று ஜன்னலிலிருந்து பிறகுதான் சத்தம் வந்தது.

இதற்கு நடுவே ஒரு சின்ன விஷயம். உள்ளே ஒரு நீளக் கம்பி செருகியிருந்தது, உருவினால் எண்ணெய் சொட்டியது. கழுவுகிறதுதான் கழுவுகிறோம் என்று அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கரண்டி ஸ்டாண்டில் காய வைத்தேன். கழுவின சாமான் அங்கேதானே போகும்! "பாட்டி, ஆயில் பார்க்கிற கம்பி எங்கே?" என்று குழந்தை அலறினாளே பார்க்கணும். நல்லவேளை, ஓட்டையில் தண்ணீர் இறங்குவதற்குள் துணியை அடைத்துவிட்டாள். கம்பியும் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரி அதை வைத்துப் பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தப் பாலை யாரும் குடிக்கவில்லை.

மூடியைத் திறந்தே வைத்து நன்றாகக் காயவிட்டு, பைகளை அவிழ்த்து, கம்பியைச் செருகி, வயரை மாட்டினாள். "பாட்டி, நீங்க உள்ள உக்காந்து சாவியத் திருப்புங்க, நான் இங்க பார்த்துக்கறேன்" என்றாள். திருப்பினேன். இருமியது, நின்றது. மறுபடி திருப்பினேன். இருமியது, நின்றது. குழந்தை, "போச்சு பாட்டி, இனி ஜென்மத்துக்கும் அப்பா சாவி தரமாட்டாரு" என்று கையுறையைக் கழற்றிப் போடுகிறாள், ஆபீசர், "அப்பவே சொன்னேனே! மூச்சு முட்டுறவன் மாதிரி இழுக்குது பாருங்க" என்கிறார். மூச்சு என்றதும் எனக்குச் சுரீர் என்றது. காற்று இழுக்கிற வாய்க்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று கறுப்புக் குப்பைப் பை கட்டினேனே! கறுப்பின் மேல் கறுப்பு, யார் கண்ணுக்குத் தெரியும்? ஓடிவந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை, குழந்தை கத்தரியால் வெட்டினாள். நான் திரும்ப ஏறி உட்கார்ந்து திருப்பினேன் பாருங்கள், அடடா, உறுமினது மாப்பிள்ளை! சீட்டுக்கு அடியிலிருந்து என் முதுகு வரைக்கும் ஜிவ்வென்று ஏறினது! குழந்தை குதித்தாள், ஆபீசர் கைதட்டினார், உங்கள் வீட்டுக்காரி ஜன்னலைவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, தவறெல்லாம் என்னுடையது, திறமையெல்லாம் உங்கள் மகளுடையது. அவளைப்போல் பொறுமையும் கவனமும் உள்ள பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது. வந்ததும் மறுபேச்சுப் பேசாமல் சாவியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நோய்நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் பச்சை விளக்காக நீண்டநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமியார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, யாருக்கும் தெரியாமல் போய் இன்னொரு தரம் அந்த சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தேன். சாவியைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டாம். அவளுக்கு இளம் கால், பஸ்ஸில் போகட்டும். தெருமுனை டிரைவிங் ஸ்கூல்காரரை விசாரித்துவிட்டேன். "அஞ்சாவது படிச்சிருந்தா என்னம்மா, கண்ணு நல்லா தெரிஞ்சாப் போதும்" என்கிறார். எனக்கு இந்தக் கடிதமே கண்ணாடி இல்லாமல்தான் ஓடுகிறது. சொந்த வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாமாம், பக்கத்தில் அவர் இருப்பாராம். நீங்கள் வந்து இறங்கும்போது வாசலில் கார் இல்லையென்றால் பதறாதீர்கள். யாரும் திருடவில்லை. நான்தான்.