ரஹ்மத் பீவியின் மோதிர விரல்

ஒரு பெண்மணியின் விரலுக்குள் இருந்த கட்டியை, அந்த விரலுக்குள்ளேயே தொலைத்த பெருமை எனக்கு உண்டு. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பிய கடைசி வருஷம் அது.

கீழக்கரையிலிருந்து ரஹ்மத் பீவி வந்தார். நாற்பது வயது. வலது மோதிர விரல் நகத்தடியில் ஆறு வருஷமாக வலி. பார்வைக்கு ஒன்றுமில்லை. நகச்சுற்று என்று எலுமிச்சம்பழம் செருகியிருக்கிறார்கள், ஓதிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இதுலயும் தீரலைன்னா விரலையே வெட்டிருங்க டாக்டரம்மா. ஒம்பது விரலோட நிம்மதியா இருந்துட்டுப் போறேன்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குண்டூசியின் கொண்டையால் நகத்தை அங்கங்கே அழுத்தினேன். ஓர் இடத்தில் "யா அல்லாஹ்!" என்று அலறி, என் கன்னத்தில் ஒன்று வைத்தார். (இடது கைதான். பலம் போதுமானதாக இருந்தது.) சோடாக் கடை ஐஸ் பட்டதும் துடித்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கியதும் வலி நின்றது. கன்னம் எரிந்தாலும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குளோமஸ் கட்டி! நுண்ணிய ரத்தக் குழாய்கள் திரண்டு உண்டாகும் கடுகளவுக் கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை, எடுத்தால் தீர்ந்தது. புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்துவிட்ட திமிரில் பெரிய டாக்டரிடம், "நானே எடுக்கிறேன் சார்," என்றேன்.

அலறிய இடத்தில் மையால் புள்ளி வைத்தேன். மறுநாள் ஆபரேஷன் மேஜையில், சுத்தத்தின் மேலிருந்த பக்தியால், சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டு அந்தப் புள்ளியை நானே தேய்த்துக் கழுவினேன். விரல் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தம் வராமல் அடியில் ரப்பர் கட்டி, நகத்தைக் கழற்றித் தட்டில் போட்ட பிறகுதான் புள்ளியின் ஞாபகம் வந்தது. ரத்த ஓட்டம் நின்ற விரலில் கட்டியும் சதையும் ஒரே வெளுப்பாகக் கிடந்தன.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன். (கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!)

"இப்பத்தான் எங்கனயும் வலிக்கலையே."

பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "கண்ட இடத்துல கீறாதே. மூடிடு."

மூடினால் அடுத்து ரஹ்மத் பீவி விரலையே வெட்டச் சொல்வார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"தொலைச்சுப்புட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"அந்த நகத்த எடுங்க. போன வாரம் கொழுந்தன் கல்யாணத்துக்கு மருதாணி வச்சேன். வலிக்கிற இடத்த மட்டும் தொட முடியாம விட்டுட்டேன்."

எடுத்தேன். செக்கச் சிவந்த நகத்தில் பயறளவு வெள்ளை. (முதல் நாளே பார்த்ததுதான். மருதாணியைக்கூட அரைகுறையாக வைக்கிறாரே என்று மாமியார் கட்சியில் சேர்ந்திருந்தேன்.) நகத்தைப் பழைய இடத்தில் பொருத்தி, வெள்ளைக்கு நேர் கீழே கீறினேன். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மணி முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் அறை என்பதையும் மறந்து, "கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். அவரும் கத்தினார்.

புது நகம் வளர்ந்ததும் மாமியாரோடு வந்தார். என்னிடம் ஐஸ் கேட்டு வாங்கினார். அது உருகித் தீரும்வரை வலது கைக்குள் இறுக மூடிக்கொண்டு, மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கீழக்கரையிலிருந்து எனக்கு நோயாளிகள் வந்து குவிந்தார்கள். எல்லோரையும் ரஹ்மத் பீவிதான் அனுப்பினார், ஒரு சிபாரிசோடு. என் கணவர் இன்றைக்கும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது அதைத்தான் அப்படியே ஒப்பிக்கிறார்: "நல்ல டாக்டரம்மா. கூட இருந்து நாமதான் கொஞ்சம் பாத்துக்கிடணும்."