மதியத் தூக்கத்துச் சிரிப்பு

என் மனைவி தூக்கத்தில் சிரிக்கிறாள்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். விழித்திருக்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கவனிக்கிறேன். மதியம் சாப்பிட்டதும் சோபாவில் சாய்கிறாள். ஐந்தாவது நிமிஷம் உதட்டோரம் ஒரு சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ நல்ல வார்த்தை சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் சொன்னது எவன்? அதைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கள் உலகத்தின் அமைப்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நடுவில் இருப்பது நாம் விழித்துக்கொண்டு அவதிப்படும் நனவுலகம். கீழே மின்னுலகம். மறந்துபோன கடவுச்சொற்களும் யாரும் திரும்பிப் பார்க்காத போட்டோக்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆளுக்கொரு நகலும் அங்கே உண்டு. கடைக்குப் போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அந்த நகலின் தலையெழுத்து. மேலே கனவுலகம். நாம் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்குகிற ஒவ்வொரு வார்த்தையும் மேலே போய்ச் செங்கல்லாகிவிடும். அந்தச் செங்கல்லில்தான் அவரவர் கனவுவீடு. நிறைய விழுங்கியவனுக்குப் பெரிய வீடு.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். என் வீட்டில் பன்னிரண்டு அறை.

இது பரம ரகசியம். அங்கே சாய்வு நாற்காலி உண்டு, தோட்டம் உண்டு. "ஏங்க" என்று கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அதுதான். மனைவியிடம், "என் கனவு தீப்பெட்டி சைஸ், திரும்பிப் படுத்தால் சுவர் இடிக்கும்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

சொல்ல வேண்டிய அவசியம் என் மாமியாரால் வந்தது. அந்த அம்மாள் வாழ்நாளில் ஒரு வார்த்தையும் விழுங்கியதில்லை. அதனால் கனவில் அவருக்கு நாலு தூண்தான், கூரை கிடையாது. கனவில் மழை வந்தால் நனைந்துபோய், விடிந்ததும் தும்மலோடு எழுந்திருப்பார்.

"ஏங்க, அம்மாவுக்கு உங்க கனவுல ஒரு மூலை குடுங்களேன்."

"மூலையா? எனக்கே காலை மடக்கித்தான் படுக்க முடியுது!"

"அப்படியா?" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த வாரம்தான் இந்தச் சிரிப்பு ஆரம்பித்தது.

"என்ன கனவு?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல."

"சிரிச்சியே?"

"சிரிக்கறதுக்கும் உங்ககிட்ட மனு போடணுமா?"

எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஓடினேன். அவர் பட்டன் தைத்துக்கொண்டே விசாரித்தார்.

"எந்தப் பக்கத்து உதடு சார்?"

"இடது."

"ஐயையோ!"

"ஏன் மாஸ்டர், இடதுன்னா என்ன?"

"தெரியல. ஆனா நீங்க சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

இதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அன்று மாலையே கைப்பேசியில் என் நகலைக் கூப்பிட்டு, மின்னுலகத்தில் என் மனைவியின் நகல் எங்கெங்கே போகிறது என்று பார்த்து வரச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் திரும்பியது. இரண்டு கையிலும் இரண்டு பை.

"பின்னாடி போகச் சொன்னா பை தூக்கிட்டு வந்திருக்கியேடா!"

"அண்ணே, பையைத் தூக்கிட்டுத்தான் பின்னாடி போக விட்டாங்க."

என் நகல் அல்லவா, வேறு எப்படி இருக்கும்?

"சரி, எங்க போனா?"

"ஜன்னல் ஸ்கிரீன் பார்த்தாங்க. பூப்போட்டது. பெரிய வீட்டுக்காம். நிறைய ஜன்னலாம்."

இங்கே எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று ஜன்னல். அதில் ஒன்று திறக்காது. அதிகம் விழுங்கிப் பழக்கமில்லாத என் மனைவிக்குக் கனவில் ஒரே ஒரு அறைதான் இருக்க முடியும். அப்படியானால் அந்தப் பெரிய வீடு எவனுடையது? எவனோ ஒரு பெரிய வீட்டுக்காரன் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்கிறான்! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அதைக் கவனித்து, "ரசம் சரியில்லையா?" என்று கூடக் கேட்கவில்லை. அது வேறு வலித்தது.

நாலாவது ஞாயிறு. சாப்பிட்டாள், சாய்ந்தாள், தூங்கினாள். அன்று சிரிப்பைக் காணோம். குறட்டைதான் வந்தது. அதை யோசிக்க எனக்கு நிதானம் இல்லை. எதிர் நாற்காலியில் நானும் கண்ணை மூடினேன்.

கனவுலகச் சோதனைச்சாவடியில்தான் எனக்கு உத்தியோகம். அடுத்தவர் கனவுக்குள் போகிறவர்களுக்கு முத்திரை குத்துவது என் வேலை. அன்று என் இடத்தில் கூட வேலை பார்க்கும் அம்மாள் இருந்தார்.

"வாங்க சார். உங்க வீட்டம்மா காலையிலேயே அனுமதிச் சீட்டு எழுதி அனுப்பிட்டாங்க, நீங்க வருவீங்கன்னு."

நல்லதாகப் போயிற்று, மனு எழுதும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"விதியைப் படிக்கட்டுமா?"

"எனக்கேவா? ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு நான் ஒப்பிக்கிறதும்மா! சீக்கிரம் குத்துங்க!"

என் கனவுவீட்டுச் சாவியை மேஜையில் வீசினேன். முத்திரை விழுந்தது. உள்ளே பாய்ந்தேன்.

ஒரே அறை. ஒரே நாற்காலி. என் மனைவி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஈ, காக்கை இல்லை. அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா? மூணு வாரமா உதடு வலிக்கச் சிரிச்சேன். உங்களுக்குச் சந்தேகம் வர இவ்வளவு நாளா?"

"அப்போ... அது தூக்கம் இல்லையா?"

"அத்தனை பாத்திரத்தைப் போட்டுட்டு மதியத்துல எனக்கு எங்க தூக்கம் வருது? இன்னைக்குத்தான் நிஜமா தூங்குறேன். ஆமா, சாவி குடுத்துட்டுத்தானே வந்தீங்க?"

அப்போதுதான் விதி காதில் விழுந்தது. இருநூறு பேருக்கு நான் ஒப்பிக்கும் அதே விதி, என் குரலிலேயே. அடுத்தவர் கனவில் நுழைபவர் தன் கனவுவீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அவர் திரும்பும் வரை அந்தச் சாவி, நுழைந்த கனவின் சொந்தக்காரரிடம் இருக்கும்.

அவள் கையைப் பார்த்தேன். காலி.

"சாவி எங்க?"

"அம்மாகிட்ட. அவங்ககிட்ட குடுக்கச் சொல்லிச் சீட்டுலயே எழுதிட்டேன். அவங்களும் இன்னைக்குச் சீக்கிரமே படுத்துட்டாங்க. இந்நேரம் ஸ்கிரீன் மாட்டி முடிச்சிருப்பாங்க. தீப்பெட்டியாமே தீப்பெட்டி! வாயே திறக்காத மனுஷனுக்கு எத்தனை அறை இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அது என் வீடு!"

"இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட சொல்லாம முழுங்கினதுலதானே கட்டினீங்க? நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், என்ன நினைக்கிறீங்க, என்ன நினைக்கிறீங்கன்னு? அது எனக்கு வரவேண்டிய பேச்சுங்க."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. உங்கம்மாவை உடனே கிளம்பச் சொல் என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் இடுப்பில் கை வைத்து, "என்ன? சொல்லுங்க" என்றாள்.

விழுங்கினேன்.

மேலே எங்கேயோ தடதடவென்று செங்கல் அடுக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தாள்.

"பதிமூணாவது அறையா? நல்லதாப் போச்சு. என் தம்பி குடும்பத்துக்குச் சரியா இருக்கும்."