ஒண்ணூடி மாமி பிரித்துவைத்த இரட்டையர்

தோற்றுப்போனால் சந்தோஷப்படுகிற மனுஷி கொச்சியில் ஒருத்திதான் உண்டு. மட்டாஞ்சேரியில் எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் கை காட்டுவார்: ஒண்ணூடி மாமி.

'ஒண்ணூடி' என்றால் மலையாளத்தில் 'இன்னும் ஒரு தடவை'. மாமி ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வார்த்தை அது. டீக்கடைச் சேட்டன் சாயாவை அருமையாகப் போட்டுவிட்டால், குடித்து முடித்து, "ஒண்ணூடி" என்பார். ஆசையில் இல்லை. முதல் சாயா நன்றாக அமைந்தது திறமையா, தற்செயலா என்று தெரிந்தாக வேண்டும். தீர்ப்பு வரும்வரை சேட்டன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆட்டோ நாலே நிமிஷத்தில் படகுத்துறைக்குப் போய்விட்டால், திரும்பி வந்து ஒண்ணூடி போகச் சொல்வார். அதற்குள் படகு போய்விடும். அதைப் பற்றி மாமிக்குக் கவலை இல்லை.

மாமி கெமிஸ்ட். பூர்வீகம் பாலக்காடு, பிறந்து வளர்ந்தது கொச்சி. பஜார் ரோட்டில் ஒரு சுக்கு குடோனின் மாடியில் சின்னதாக லேப் வைத்திருந்தார். அங்கேதான் நான் வேலைக்குப் போனேன். என் அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. முடித்த கர்வம் தலைக்கேறியிருந்த நேரம். இன்டர்வியூவில் ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். செய்தேன். "ஒண்ணூடி" என்றார். முறைத்தேன்.

"எடா, உனக்கு என்னைப் பிடிக்கலை, இல்லையோ?"

"அப்படியெல்லாம் இல்ல மாமி."

"பொய் சொல்லாதே. எனக்கு அதான் வேணும். பிடிச்சவா கையில குடுத்தா அட்ஜஸ்ட் பண்ணி எப்படியாவது வரவெச்சுடுவா. பிடிக்காதவன் கையிலயும் வந்தாத்தான் சயின்ஸ், கேட்டியா? நாளைக்கே வந்துடு."

முறைத்ததற்காக வேலை கிடைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பழைய போன் பேட்டரிகளை அரைத்துக் கரைத்தால் நிக்கலும் கோபால்ட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இரட்டைப் பிறவிகள் மாதிரி. எதைச் செய்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். பெரிய ஆலைகளில் தொட்டி தொட்டியாக மாற்றி, திரும்பத் திரும்ப அலசித்தான் பிரிப்பார்கள். மாமி ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கரைசல் கண்டுபிடித்திருந்தார். அதை ஊற்றினால் கோபால்ட் மட்டும் இளஞ்சிவப்புப் பொடியாகக் கீழே உட்கார்ந்துவிடும். நிக்கல் பச்சைத் தண்ணீராக மேலே நிற்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஒரு நாள் பிரியும், மறுநாள் முறுக்கிக்கொள்ளும். நான் சேர்ந்த சில நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை. எல்லாம் என் சிரத்தை என்று மாமி நம்பினார். நானும் மறுக்கவில்லை.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், பேட்டரியிலிருந்து உலோகம் எடுக்கும் ஒரு கம்பெனி இந்த முறைக்கு லைசென்ஸ் வாங்க முன்வந்தது. நிபந்தனை இதுதான்: எங்கள் செய்முறைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களுடைய கெமிஸ்ட், அவர்களுடைய லேபில் செய்து பார்ப்பார். மூன்று தடவைக்குள் பிரிந்தால் கையெழுத்து; இல்லையென்றால் பேச்சு முடிந்தது. தாளில் நாங்கள் திருத்தம் எழுதலாம், பாத்திரத்தைத் தொடக் கூடாது. இதுவும் கைவிட்டுப் போனால் லேபைப் பூட்டிவிடுவதென்று மாமி முடிவு செய்திருந்தார். அப்பாவோ காலனி முழுக்கச் சொல்லிவிட்டார்: "என் பையன் செய்யற மருந்தை கம்பெனிக்காரன் வாங்கப் போறான்." மருந்து இல்லையப்பா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கம்பெனி லேப் பளபளவென்று இருந்தது. கெமிஸ்ட் மெலிந்த இளைஞர். எங்களை கௌரவிப்பதற்காகப் புதுப் பெட்டியைப் பிரித்து, புது பீக்கர்களை எடுத்தார். நானும் மாமியும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே விழலீங்களே மேடம்."

மாமியின் முகம் மலர்ந்தது. "பேஷ்! தோத்துடுத்தா?"

கம்பெனி மேனேஜர் என்னைப் பார்த்தார். 'அம்மாவுக்கு உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?' என்று கேட்கிற பார்வை.

"எடா, நாம எழுதாத வரி ஒண்ணு இருக்கு! இத்தனை நாளா ஒளிஞ்சிண்டிருந்தது, இன்னிக்கு மாட்டிண்டுடுத்து!" என்றார் மாமி. எங்கள் மாடியில் வெயில் அதிகம், இங்கே ஏசி. அதுதான் காரணம் என்று சூட்டின் அளவைத் தாளில் எழுதினார். இரண்டாவது தடவை தொடங்கியது.

விழவில்லை.

இந்தத் தடவை மாமி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணூடி" என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், மேஜைமேல் இருந்த புது பீக்கரைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. எங்கள் லேப் பீக்கரில் என் முகம் தெரிந்ததே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

"மாமி, ஒரு விஷயம். நீங்க குடுத்த பிரஷ்ல நான் கழுவவே இல்ல."

"பின்னே?"

"சகிரி."

"தேங்கா நாரோ?"

"மணலும் போட்டு. அம்மா சட்டி தேய்க்கிற பொடி மணல். உங்க பிரஷ்ல ஒண்ணு கழுவ பத்து நிமிஷம் ஆச்சு மாமி. இதுல ஒரே தேய்ப்பு."

"எத்தனை நாளா?"

"சேர்ந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"உள்ளே மங்கியிருக்கேன்னு கேட்டப்போ, மட்டாஞ்சேரி உப்புத் தண்ணின்னியே?"

"பொய்."

வேலை போயிற்று என்று எழுந்து நின்றேன். மாமியும் எழுந்தார். என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எடா துஷ்டா! கீறல்டா அது! வழவழன்னு இருக்கிற கண்ணாடியில பொடி எதைப் பிடிச்சிண்டு உட்காரும்? பாகுல நூல் விட்டாத்தானே கல்கண்டு பிடிக்கும்? எடு அந்தத் தாளை!"

எழுதினார்: 'ஊற்றியவுடன் கண்ணாடிக் குச்சியால் பாத்திரத்தின் உள்சுவரை இருபது தடவை அழுத்திக் கீறவும்.'

கெமிஸ்ட் படித்துவிட்டு எங்களைப் பாவமாகப் பார்த்தார். புது பீக்கர்! பெற்ற பிள்ளையை அடிப்பது மாதிரிக் கீறினார். அவர் குச்சியை வெளியே எடுக்கும்போதே, கீறிய இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. கோடு கலங்கிப் புகையானது, புகை பொடியாகி இறங்கியது. அதற்கு மேலே, கண்ணாடி மாதிரித் தெளிந்த பச்சை.

மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார்.

"ஒண்ணூடி" என்றார் மாமி.

"மேடம், அதான் வந்துருச்சுங்களே!"

"அவர் கெமிஸ்ட். அவர் கையில வரும். நீங்க பண்ணுங்கோ."

கிடைத்த லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தோற்கப் பார்க்கிறாரே! மேனேஜர் வேறு வழியில்லாமல் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடம் முடித்தபின் முதன்முதலாக பீக்கரைத் தொட்டார். ஊற்றினார். கீறினார். பொடி விழுந்தது. மனிதர் ஆபீஸில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் கண்டுபிடித்தவர் பெயர் எழுதும் இடம் வந்தது. மாமி என் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கம்பெனியின் வக்கீல் நிமிர்ந்தார்.

"இந்தத் தம்பியோட பங்கு என்னங்க மேடம்?"

"நான் சொன்னபடி கேக்கலை."

"அத எப்படிங்க எழுதறது?"

"எப்படியாவது எழுதுங்கோ. அது இல்லேன்னா இது இல்லை."

வக்கீல் சட்ட மொழியில் ஏதோ அலங்காரமாக எழுதினார். நகலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து, "இதுல உன் பேரு எது?" என்றார்.

"மேல இருக்கிறது."

"அப்ப அந்த அம்மா பேரு?"

"கீழ."

அப்பா விரலை எடுக்காமல் என்னையே பார்த்தார். என் பெயர் ஏன் மேலே என்று நான் அன்றைக்கே ரயிலில் மாமியிடம் கேட்டிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அகர வரிசை ஆக்கும்" என்றார்.

எனக்குத் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தெரியும். மூன்றிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். எந்த அகர வரிசையிலும் அவர் பெயருக்கு முன்னால் என் பெயர் வராது.