டங்கன்வில் கொக்குக்கொடிப் போர்

வாழ்க தாடியஸ் ப்ரோக்.

நெப்ராஸ்கா மாநில மேலவையில் மும்முறை வென்று வீற்றிருந்தவனும், டங்கன்வில் தீவனக்கடை வீதியின் தனிப்பெருந்திலகமும், சோளக்கொல்லை வேலிதோறும் நின்று கண்ட உழவர் கையையெல்லாம் குலுக்கிக் குலுக்கி இடக்கையினும் வலக்கை ஒரு விரற்கடை நீண்டுபோன தடக்கையனும், குழந்தையைக் கண்டால் முத்தமிடுவோனும், குழந்தை இல்லாவிடத்துக் கன்றுக்குட்டியையேனும் தடவிக்கொடாது அகலாதோனும் ஆகிய அவன் வாழ்க. அவன் மீசை வாழ்க. மீசைக்கு இட்ட மெழுகு ஆகஸ்டு மாதத்து வெயிலிலும் உருகாது வாழ்க.

பிளாட் ஆற்று மணற்றிட்டில் ஒற்றைத்தாள் ஊன்றித் தவமிருக்கும் சாம்பற்கொக்கே, சங்கத்தார் தொப்பிகளுக்கெல்லாம் இறகீந்து வாலிழந்த வள்ளலே, இக்கதை முடியுமட்டும் சொல்வோர் நாவும் கேட்போர் பொறுமையும் கால்மாற்றாது நிற்க அருள்வாயாக.

அந்நாளில் அந்நாட்டில், தலைநகர் சென்று சட்டம் செய்ய விழைந்தவன் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சங்கம் ஒன்றில் இருந்தே ஆகவேண்டும். ஊர் நாய்பிடிக்கும் பதவிக்கு நிற்பவன் மார்பிலும் ஏதேனும் ஒரு சகோதரச் சங்கத்தின் சின்னம் மின்னாவிட்டால் நாயும் அவனை மதியாது. நம் தாடியஸோ ஒன்றோடு நின்றானில்லை. ஏழுவிளக்கு வீரர், பொற்கோடரியர், கருங்குதிரைக் குடும்பத்தார், இன்னும் மூன்று கூட்டத்தார் என ஆறு சங்கங்களின் சின்னங்களும் அவன் கடிகாரச் சங்கிலியில் தொங்க, அவன் நடந்தால் கோவில் மாடு வருவதுபோல் ஓசை எழும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு மறைவான கைகுலுக்கல் உண்டாதலின், செவ்வாய்க்கிழமைக்குரிய குலுக்கலை வியாழக்கிழமை கொடுத்து, ஒரு கருமானின் சுண்டுவிரலை வீங்கவைத்த வரலாறும் அவனுக்கு உண்டு. ஆயினும் ஆறனுள்ளும் தலையாயது கொக்குச் சகோதரர் பேரவையே. ஏனெனில் அதில்தான் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தனர், நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஓட்டு இருந்தது.

அவனுக்கு எதிர்நின்றவன் நெல்ஸ் ஹோம்கிரென். பால்மாட்டுப் பண்ணையாளன். மாநிலக் கீழவையில் இரண்டாண்டு அமர்ந்து நான்கே முறை வாய் திறந்தவன். அவற்றுள் மூன்று, சன்னலைத் திறக்கச் சொன்னவை. அவனிடம் இருந்த சங்கம் ஒன்றே, அதுவும் இதே கொக்குச் சங்கம். இருபத்தோராம் வயதில் தந்தையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சேர்ந்தவன். வரவிருந்த நவம்பரில் மேலவையின் அந்த ஒற்றை இருக்கைக்கு அவனும் தாடியஸும் நேருக்கு நேர் நின்றனர். சென்ற முறை தாடியஸ் வென்றது ஒன்பதே ஓட்டில் என்பதால், அந்த வேனிலில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, தொப்பை மட்டும் குறையவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கொக்குகளின் ஆண்டுவிழா வந்தது. ரயிலடியில் புறப்பட்டு ஆற்றங்கரைத் தோப்புவரை ஒரு மைல் ஊர்வலம்; அதன் முகப்பில் செல்லும் ஊதாப் பட்டுக்கொடி; கொடியில் சகோதரர்தம் மனைவியர் ஈராண்டு வெள்ளிநூலால் குத்தியெடுத்த வெள்ளிக்கொக்கு. அக்கொடியை இருபத்திரண்டாண்டு சுமந்த முதியவர் இடுப்புப் பிடித்துப் படுக்கையில் வீழ்ந்தார். கொடி ஏந்தப்போவது யார் என்னும் கேள்வி எழுந்தது. அது வெறுங்கேள்வி அன்று. வங்கிமுனையில் ஓரின் ஸ்லேட் என்னும் படக்காரன் முக்காலிப் பெட்டியோடு காத்திருந்தான். கொடியேந்தியவன் படம் மாவட்ட வாரப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஏறி, மூன்று மாவட்டத்து அடுக்களைதோறும் புகுந்து, ரொட்டி பிசைவார் கண்முன் ஒரு வாரம் கிடக்கும். பத்திரிகை ஆசிரியரோ முன்னமே பறையறைந்திருந்தார்: "ஒரு கொடிக்கு ஒரு மூஞ்சிதான். ரெண்டு பேரும் நின்னா நான் போடமாட்டேன். கட்சிச் சண்டையெல்லாம் உங்களோட வச்சுக்கோங்க."

சங்கத்தின் தலைவருக்குப் பேரலகர் என்பது பட்டம். அவர் பிழைப்புக்குச் சவப்பெட்டி செய்து பிணம் புதைப்பவர்; எல்லாரும் என்றேனும் ஒருநாள் தம் வாடிக்கையாளர் ஆகவிருப்பவர் என்பதால் எவரையும் பகைக்க விரும்பாதவர். தாடியஸிடம் "நீங்கதான்" என்றார். நெல்ஸிடமும் "நீங்கதான்" என்றார். இருவரும் ரயிலடியில் ஒரே கம்பில் கைவைத்து நின்றபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்: "ரெண்டு பேரும் பிடிங்க. கம்பு நீளமாத்தானே இருக்கு."

முரசு அதிர்ந்தது. எக்காளம் பிளிறியது. இறகுத்தொப்பி அணிந்த இருநூறு கொக்குகள் வரிசை வகுத்தன. போர் மூண்டது.

இப்போரின் கொடுமையை உணர அச்சங்கத்தின் சட்டம் ஒன்றை அறிதல் வேண்டும். இறகுத்தொப்பி தலையில் இருக்கும்வரை ஒரு கொக்கு இன்னொரு கொக்கை ஒரு கடுஞ்சொல் சொல்லலாகாது, அரசியல் பேசலாகாது, "சகோதரரே" என்று அழையாது வாய் திறக்கலாகாது. மீறினால் ஓராண்டு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே அம்மாவீரர் இருவரும், வாளின்றி வேலின்றி, அன்பு ஒன்றையே படையாகக் கொண்டு ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டனர்.

"சகோதரரே, உங்க முகமெல்லாம் செவந்துபோச்சு. கம்பைக் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்களேன்" என்று தாடியஸ் முதல் அம்பை எய்தான்.

"பரவால்ல சகோதரரே. காலையில ரெண்டு மணி நேரம் மாடு கறந்த கை. சும்மா வச்சாத்தான் வலிக்கும்" என்றான் நெல்ஸ்.

"பாவம் சகோதரரே, மாடுங்க உங்களைத் தேடுமே."

"தேடும் சகோதரரே. நீங்க தலைநகரம் போனா இங்க யாரு தேடுறா?"

தாடியஸ் புன்னகைத்தான். புன்னகைத்தபடியே தன் வலக்கையை நெல்ஸின் கைக்கு மேல் வைத்தான். நெல்ஸ் அதற்கு மேல் வைத்தான். தாடியஸ் அதற்கும் மேல். இவ்வாறு கைக்குமேல் கை ஏறி, தானியக் கிடங்கு தாண்டுமுன் இருவர் கரங்களும் பட்டுக்குஞ்சத்தை எட்டி, மேலே இடமின்றி, மீண்டும் அடியிலிருந்து தொடங்கின. முழங்கை முழங்கையை மோதிற்று. தொப்பை விலாவைத் தள்ளிற்று. வெள்ளிக்கொக்கு கள்ளுண்டதுபோல் இப்புறமும் அப்புறமும் சாய்ந்தாடிற்று. வேலியோரம் நின்ற கருமான், பழைய சுண்டுவிரலை மறவாதவன், பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "ரெண்டு பேரும் ஒரே பசு மடியில தொங்குற மாதிரில்ல இருக்கு."

மருந்துக்கடை மாடியிலிருந்து தாடியஸின் மனைவி ஆர்வெல்லா குனிந்து பார்த்தாள். "அந்தப் புது ஷூவைப் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றாள். வீரன் அதைக் கேளாதவன்போல் தொப்பியை உயர்த்தினான். கேட்டது, உறைக்கவும் செய்தது. ஏனெனில் அவன் வலக்கால் பெருவிரலடியில், சோளமணி அளவில், நெடுநாளாய் ஓர் ஆணி வேரூன்றியிருந்தது. மெல்லிய அடித்தோல் கொண்ட அந்தப் பளபளப்புக் காலணி, அடிக்கொரு முறை அதை நலம் விசாரித்தது.

இதோ வங்கிமுனை. இதோ முக்காலி. ஓரின் ஸ்லேட் கறுப்புத்துணிக்குள் தலை நுழைத்து, படம் பிடிக்க அமுக்கும் ரப்பர் பந்தைக் கையில் ஏந்தி, "ஒருத்தர் மட்டும் நில்லுங்கய்யா" என்று துணிக்குள்ளிருந்தே முழங்கினான். இருபது தப்படிதான் இருந்தது. நெல்ஸ் விடுவதாயில்லை. தாடியஸின் நெஞ்சில் ஒன்பது ஓட்டு எட்டாயிற்று, ஏழாயிற்று, மூன்றாயிற்று. அப்போது அப்பெருந்தகை, மூன்று தேர்தல் கண்ட மூதறிஞன், ஒரு சிறுபிள்ளைச் செயல் செய்யத் துணிந்தான். தவறி மிதித்ததுபோல் நெல்ஸின் காலை ஓங்கி மிதிப்பது. அவன் "ஆ" என்று கையை விடும் அக்கணமே படத்தில் விழுவது.

மிதித்தான்.

நெல்ஸ் அணிந்திருந்தது தொழுவத்து பூட்ஸ். பசுக்கள் மிதித்து மிதித்துச் சலித்துப்போய், முனையில் கருமானிடம் இரும்புப்பட்டை அடித்துக்கொண்ட பூட்ஸ். மெல்லிய தோலுக்குள்ளிருந்த ஆணி அந்த இரும்பில் இறங்கிற்று. தாடியஸின் உள்ளங்காலில் கிளம்பிய மின்னல் முழந்தாள் ஏறி, முதுகு கடந்து, மெழுகிட்ட மீசையின் இரு நுனிகளிலும் பொறியாய்ப் பறந்தது. அவன் வலக்கால் தானே உயர்ந்தது. இரு கைகளும் கம்பை விட்டுச் சிறகென விரிந்தன. முகம் வானை நோக்கியது. "ஊ" என்றான். மீண்டும் "ஊ" என்றான். மூன்றாம் முறையும் "ஊ" என்றான்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தியே ஆகவேண்டும். ஒற்றைக்கால் தூக்கி, இருகை விரித்து, வானோக்கி மும்முறை கூவுவது கொக்குச் சகோதரரின் அபயக்குறி. உயிர்போகும் ஆபத்தில் மட்டுமே காட்டத்தக்கது. அதைக் கண்ட கொக்கு, கையில் எது இருப்பினும் அக்கணமே கீழே போட்டுவிட்டு ஓடிவரவேண்டும். சேரும் நாளில் ஒவ்வொருவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் சத்தியம் அது. பொய்யாய்க் காட்டியவனுக்கோ ஆயுளுக்கும் சங்கம் இல்லை. நாற்பதாண்டாக எவரும் அக்குறியை வீதியில் கண்டதில்லை.

கண்டார்கள். இருபத்திரண்டு எக்காளங்கள் ஒரே நொடியில் தரையில் விழுந்தன. பெருமுரசு தோளினின்று நழுவி, சரிவில் உருண்டு, எலுமிச்சைச்சாற்று வண்டியைச் சாய்த்து, ஓடையில் போய் மிதந்தது. முடிதிருத்துவோன் பாதி மழித்த கன்னத்தைப் பாதியில் விட்டு, சவரக்கத்தியை எறிந்து வந்தான். வங்கிக் காசாளன் சன்னல்வழி குதித்தான். பேரலகர் வயது மறந்து ஓடினார். ஓரின் ஸ்லேட்டும் கொக்கே ஆதலின் ரப்பர் பந்தைப் போட்டுவிட்டுப் பாய, கறுப்புத்துணி அவன் தலையோடே வர, முக்காலி கால் பரப்பி வீழ்ந்து கண்ணாடி நொறுங்கிற்று.

இவர்கள் எல்லாருக்கும் முன்னே கையிலிருந்ததைப் போட்டவன் நெல்ஸ். கொடி அப்போது அவன் ஒருவன் கையில்தான் இருந்தது. படக்காரனின் கண்ணாடி அவனையே நோக்கியிருந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் போதும், மூன்று மாவட்டத்து அடுக்களையும் அவனுடையவை. அவன் நிற்கவில்லை. ஈராண்டு குத்தியெடுத்த வெள்ளிக்கொக்கு புழுதியில் விழ, அவன் விழப்போன தாடியஸை இரு கைகளிலும் தாங்கிப் பிடித்தான், கன்றை ஏந்துவதுபோல்.

இருநூறு முகங்கள் சூழ்ந்தன. பேரலகர் மூச்சிரைக்கக் கேட்டார்: "சகோதரரே, என்ன ஆபத்து?"

தாடியஸ் மனத்துள் கணக்குப் போட்டான். கால்ஆணி என்று சொன்னால் சங்கம் போயிற்று. சங்கம் போனால் இருக்கை போயிற்று. எதிரியின் கைகளில் கிடந்தபடி, மேலே தெரிந்த அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தான். நெல்ஸுக்கு எல்லாம் தெரியும். மிதிபட்டது அவன் பூட்ஸ். அவன் வாயைத் திறந்தால் போதும்.

நெல்ஸ் வாயைத் திறந்தான். வாழ்நாளில் ஐந்தாம் முறையாக ஒரு பேரவையில் பேசினான்.

"வெயில் தாங்கலைங்க அவருக்கு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. மயக்கம் வந்துருச்சு. நகருங்க, காத்து வரட்டும்."

பின், கூட்டம் தண்ணீருக்கு ஓடியபோது, குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டான்: "கால் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றான் தாடியஸ்.

"இந்த பூட்ஸை மிதிச்சா அப்படித்தான். எங்க வீட்டுச் செவலைப்பசுகூட ஒருதடவைக்கு மேல மிதிக்கல."

தாடியஸ் கண்களை மூடிக்கொண்டான். மயக்கத்தால் என்று கூட்டம் நினைத்தது. வெட்கத்தால் மூடினான். நெல்ஸ் அக்குறியைக் காட்டியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று அவன் எண்ணிப்பார்த்தான். முதலில் படக்காரனைப் பார்த்திருப்போம், பிறகுதான் நெல்ஸைப் பார்த்திருப்போம் என்று அவனுக்கு ஐயமறத் தெரிந்தது. சத்தியத்தை ஆறு சங்கத்திலும் ஆறுமுறை செய்தவன் அவன். ஒருமுறை செய்தவன் கையில் கிடந்தான். ஊதாப்பட்டுக் கொடியையே தூளியாக்கி, எட்டுக் கொக்குகள் அவனை மருத்துவர் வீட்டுக்குச் சுமந்து சென்றனர். மருத்துவரும் கொக்கே ஆதலின் வெறுங்கையோடு வழியிலேயே எதிர்ப்பட்டார்.

அந்த வாரப் பத்திரிகையின் முதற்பக்கத்தில், வேறு படமின்மையால், ஒரு தர்பூசணி வந்தது.

ஆயினும் கேளுங்கள், வாகையின் வரலாற்றை. வெயிலையும் பொருட்படுத்தாது சங்கக்கொடி சுமந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்ட தியாகச்செம்மல் என்று அவன் புகழ் மாவட்டமெங்கும் பரவி, கிழவியர் சூப்பும் குமரியர் கேக்கும் அவன் வாயிலில் குவிய, நவம்பர் மூன்றாம் நாள் உழவரும் கருமாரும் கொக்குகளும் கொக்கல்லாதாரும் திரண்டுவந்து குவித்த ஓட்டுமலையின் உச்சியில், நூற்று முப்பது ஓட்டு மிகையாய்ப் பெற்று, நான்காம் முறையும் மேலவை புகுந்தான் தடக்கைத் தாடியஸ், ஆறு சின்னமும் ஒலிக்க, மீசை மெழுகு உருகாத மாவீரன்.

அன்று காலை தாடியஸ் ப்ரோக் நெல்ஸுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்.